இழுப்பு நின்னுட்டா ஆஸ்துமா போயிடாது: நம்ம பக்கம் அடிக்கடி நடக்குற தப்புகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆஸ்துமா பேஷன்ட்டுங்க கிட்ட நான் திரும்பத் திரும்பப் பாக்குற தப்பு ஒண்ணுதான், இழுப்பு வந்தா ஓடுறது, நின்னா மறந்துடுறது. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டும், ஆட்டோ புடிச்சுப் போய் நெபுலைசர் வச்சு, டெரிஃபிலின் ஊசி போட்டு, விடியுறதுக்குள்ள சரியாகி வீட்டுக்கு வந்துடுவாங்க, அதோட முடிஞ்சதுன்னு நினைப்பு. முடியலங்க. சுருங்கின மூச்சுக்குழாய் விரிஞ்சிருக்கு, அவ்வளவுதான், உள்ள இருக்கிற வீக்கம் அப்படியேதான் இருக்கு.

நீலக்கலர் இன்ஹேலர்ல இருக்கிற சால்பியூட்டமால் அந்த விரிக்கிற வேலையை மட்டும்தான் செய்யும், சில நிமிஷத்துல கேக்கும், 4-லிருந்து 6 மணி நேரத்துல போயிடும். வீக்கத்தைக் குறைக்கிறது பியூடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன் மாதிரி உள்ள இழுக்குற ஸ்டீராய்டு, அதை டாக்டர் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தா இழுப்பே இல்லாத நாள்லயும் எடுக்கணும். நம்ம ஆளுங்க நேர்மாறா பண்றாங்க, நல்லா இருக்குன்னதும் இதை நிறுத்திட்டு நீலத்தை மட்டும் பையில போட்டுக்கிறாங்க. ஜினாங்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்ல, பெரியவங்களுக்கும் டீன் ஏஜ் புள்ளைங்களுக்கும் நீல இன்ஹேலரை மட்டும் வச்சு வைத்தியம் பாக்காதீங்கன்னு 2019லயே சொல்லியாச்சு. 200 பஃப், அதாவது 200 தடவை அமுக்குற அளவு மருந்து இருக்கிற நீல இன்ஹேலர் வருஷத்துக்கு 3 தீருதுன்னாலே பெரிய அட்டாக் வர்ற ஆபத்து கூடுது, மாசம் ஒண்ணு தீருதுன்னா உயிருக்கே ஆபத்து, உடனே டாக்டரைப் பாருங்க.

"இன்ஹேலர் பழகிடும், மாத்திரையே குடுங்க" இதைக் கேக்காத நாளே இல்ல. பொண்ணுக்கு வரன் பாக்குற வீட்ல இன்ஹேலரை பீரோவுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு அந்தப் புள்ளைக்கு மாத்திரையா குடுப்பாங்க, எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கும். ஒரு பஃப்ல 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால்தான், ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில அதுமாதிரி 40 பஃப் மருந்து இருக்கு, அது ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தி கை நடுக்கமும் படபடப்பும் குடுத்துட்டு மிச்சம்தான் நுரையீரலுக்குப் போகுது. பழகிப்போறதெல்லாம் ஒண்ணுமில்ல.

இன்ஹேலர் வாங்கியும் கேக்கலன்னா, எடுக்குற முறையைப் பாக்கணும். "எடுத்துக் காட்டுங்க ஆச்சி"ன்னு சொன்னா, குலுக்காம, வாயில வச்ச உடனே அமுக்குவாங்க, உதட்டு ஓரமா வெள்ளையா புகை மாதிரி வெளிய வரும், மருந்துல பாதி அங்கயே போச்சு. நல்லா குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டு, உதட்டை இறுக்கி மூடி, இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கி, மெதுவா ஆழமா இழுத்து 10 செகண்ட் அடக்கணும். இன்ஹேலர் முனையில மாட்டுற ஸ்பேசர்ங்கிற குழாயைப் போட்டா இந்தக் கஷ்டம் பாதி குறையும், குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் அது கட்டாயம் வேணும். கேப்சூல் போடுற ரோட்டாஹேலருக்கு முறையே வேற, அதை வேகமா பலமா இழுக்கணும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க, இல்லன்னா வாய்க்குள்ள வெள்ளை படியும்.

அடுத்து, இழுக்குறதெல்லாம் ஆஸ்துமான்னு முடிவு பண்றது. எழுபது வயசுல புதுசா மூச்சு வாங்குதுன்னா இதயமா இருக்கலாம், காலமெல்லாம் விறகு அடுப்புல சமைச்சவங்களுக்கு சிஓபிடிங்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா இருக்கலாம், நல்லா விளையாடிட்டிருந்த குழந்தை திடீர்னு இருமி இழுத்தா கடலை கிடலை உள்ள போயிருக்கலாம், ரெண்டு வாரம் தாண்டின இருமல்னா சளி டெஸ்ட் எடுத்து டிபி இல்லன்னு பாத்தே ஆகணும். ஊதிப் பாக்குற ஸ்பைரோமெட்ரி பண்ணாம வருஷக்கணக்கா மருந்து எழுதுறது தப்பு. ஆனா நல்லா இருக்குற நாள்ல ஊதி நார்மல்னு வந்ததால ஆஸ்துமா இல்லன்னு சொல்றதும் தப்புதான்.

அலர்ஜி டெஸ்ட் பேக்கேஜை நினைச்சா எனக்குக் கோவமே வரும். ரத்தம் எடுத்து நூத்துக்கணக்குல சாப்பாட்டுப் பேரை அச்சடிச்சுத் தர்றாங்க, அதைப் பாத்துட்டு அம்மா முட்டை, பால், மீன், கத்திரிக்காய் எல்லாத்தையும் நிறுத்திடுறாங்க, புள்ள எளைச்சுப் போகுது. டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தாலும், அதைச் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலன்னா அது அலர்ஜி இல்ல. ரத்தத்துல ஐஜிஜிங்கிற எதிர்ப்புப் பொருளைப் பாக்குற சாப்பாட்டு டெஸ்ட்டுக்கு அலர்ஜி கண்டுபிடிக்கிறதுல மதிப்பே கிடையாது. அலர்ஜியோட சம்பந்தப்பட்ட ஐஜிஇங்கிற எதிர்ப்புப் பொருள் மொத்தமா கூடியிருந்தா வயித்துப் பூச்சியாலயும் இருக்கலாம்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். கல்யாணத்துக்கோ செவ்வாய்ப் பொங்கலுக்கோ வருஷக்கணக்கா பூட்டிக் கெடந்த பெரிய வீட்டைத் தொறந்து, ரெண்டாங்கட்டு வரைக்கும் கூட்டி, பழைய இலவம்பஞ்சு மெத்தையைத் தட்டி அன்னைக்கு ராத்திரியே அதுல படுப்பாங்க, ஆஸ்துமா உள்ளவங்களும் சேந்து தட்டுவாங்க. அந்தத் தூசியில இருக்குற உண்ணி, பூஞ்சை, வவ்வால் புறா எச்சம் எல்லாம் நேரா மூச்சுக்குள்ள போகும். சுத்தம் பண்ற ரெண்டு நாளும் அவங்க வேற வீட்ல இருக்கட்டும், போர்வை உறையெல்லாம் நல்ல சூடான தண்ணியில துவைச்சிருக்கட்டும். மெத்தை மட்டும் பழசு வேண்டாம். மொளகா வறுக்குற புகை, கொசுவத்தி, சாம்பிராணி, கம்மாய்க் கரை சீமைக்கருவேலம் பூக்குற நேரம் இதெல்லாமும் சில பேருக்குத் தூண்டிவிடும்.

யாரும் யோசிக்காத ஒண்ணு, கண் அழுத்தத்துக்குப் போடுற டிமோலால் சொட்டு மருந்து. கண்ணுலதானே போடுறோம்னு நினைப்பாங்க, அது இழுப்பைக் கிளப்பிடும். கண் டாக்டர் கிட்ட ஆஸ்துமா இருக்குன்னு சொல்லிடுங்க.

எறால் சாப்பிட்டோ குளவி கொட்டியோ உடம்பு தடிச்சு, தொண்டை அடைச்சு, மூச்சு முட்டுச்சுன்னா அவில்ங்கிற அலர்ஜி மருந்தைப் போட்டுட்டுக் காத்திருக்காதீங்க, அது அரிப்பைத்தான் குறைக்கும். உயிரைக் காப்பாத்துறது அட்ரினலின், பெரியவங்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையில போடணும், அது இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். ஆஸ்துமா அட்டாக்ல ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா 108க்குக் கூப்பிட்டுட்டு, ஆளை உக்கார வச்சு, ஸ்பேசர்ல நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃப்பா குடுத்துக்கிட்டே இருங்க, படுக்க மட்டும் வைக்காதீங்க.