யானையைக் கட்டித் தீனி போடும் முன்: சென்னையில் பழைய சொகுசுக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய மெர்சிடிஸ் இ கிளாஸோ பி.எம்.டபிள்யூ ஃபைவ் சீரீஸோ இன்று ஒரு புது க்ரெட்டாவை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அண்ணா நகரில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி சார், சிங்கிள் ஓனர், ஷோரூம் சர்வீஸ் என்று புரோக்கர் போட்டோ அனுப்புவார். (சென்னையில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருப்பார்கள் போல.) மனசு அலைபாயும். தப்பில்லை, நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன், இன்னும் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் புரிந்துகொண்டு போங்கள். நாற்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி பத்து லட்சத்துக்கு இறங்கியிருக்கலாம், ஆனால் அதன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை), இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் எரிபொருள் பீய்ச்சுவது) விலையெல்லாம் அப்படி இறங்கவில்லை.

அதனால் கையில் பத்து லட்சம் இருந்தால் ஏழு, ஏழரைக்கு வண்டி பாருங்கள். மிச்சம் முதல் வருடத்துக்கு. எனக்கு முதல் எட்டு மாதத்தில் சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்), நாலு டயர், பேட்டரி, கூலன்ட் டேங்க் என்று இரண்டு லட்சத்துச் சொச்சம் போனது. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ தொடாமலே இவ்வளவு.

நம்ம ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. துடைத்து, பாலிஷ் போட்டு, கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து முகர்ந்து பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறையை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா, மிதியடிக்குக் கீழே இருக்கும் கார்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை வருகிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் எலக்ட்ரானிக் மாட்யூல்கள், அதாவது ஒவ்வொரு வேலையையும் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டிகள் நிறைய, சில காலுக்குக் கீழேயும் டிக்கியிலும் உட்கார்ந்திருக்கும். நனைந்த கனெக்டர் உடனே சாகாது, ஆறு மாதம் கழித்து ஒன்றொன்றாகப் பழிவாங்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் வெளியில் நின்ற வண்டி என்றால் அடியில் உப்புக்காற்றுத் துருவையும் பாருங்கள்.

வெள்ளமே பார்க்காத வண்டிக்கும் தண்ணீர் வரும், சன்ரூஃப் வழியாக. அதன் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் பங்குனி, சித்திரையில் கொட்டும் பூ அதை அடைத்துவிடும், அப்புறம் முதல் மழையில் கார்பெட் குளம். வருடத்துக்கு ஒருமுறை ஏர் அடித்துச் சுத்தம் பண்ணினால் போதும், செலவு ஒரு பிரியாணிக் காசு.

இன்ஜின் விஷயத்தில் மாடலுக்கு மாடல் தனி ஜாதகம். பி.எம்.டபிள்யூ 320டி, 520டி வாங்கினால் என்47 டீசல் இன்ஜினா என்று கேளுங்கள். அதில் டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி) இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது, தளர்ந்தால் மாற்றுவதற்கே இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், அறுந்தால் இன்ஜின் காலி. 2007 முதல் 2011 வரை வந்தவற்றில்தான் இந்தத் தொல்லை அதிகம். மெர்சிடிஸ் சி200, இ200 பெட்ரோலில் இருந்த எம்271 இன்ஜினிலும் செயின் பிரச்சனைதான், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வரும். ஆகவே நீங்கள் போகும்போது ஓனர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், சரி, நாளைக் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். 2008-2012 வாக்கில் வந்த ஆடி ஏ4 பெட்ரோல் ஆயில் குடிப்பதற்குப் பேர் போனது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் இரவு நிறுத்தி, காலையில் ஏதாவது ஒரு மூலை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள். நம்பாதீர்கள். பி.எம்.டபிள்யூவுக்கு எட்டு கியர் பெட்டி செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அதில் ஃபில்டர் ஆயில் பேனோடு (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) ஒட்டியே வருவதால் முழு பேனையும் வாங்க வேண்டும்.

ஏ.சி.யை நடுப்பகலில், ஓ.எம்.ஆர். நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்து சோதியுங்கள். காலை ஏழு மணிக்கு எந்த வண்டியிலும் ஜில்லென்றுதான் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி குறைந்தால் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்ம வெயிலில் பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க் வெடிக்கும், ரூஃப் லைனிங் தொங்கும், ரப்பர் புஷ் எல்லாம் பிஸ்கட் மாதிரி உதிரும்.

வாங்கும் முன் ஜெர்மன் வண்டிகளை மட்டுமே பார்க்கும் தனி மெக்கானிக்கிடம் கொடுத்து வண்டியின் மாட்யூல்களைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் போடுங்கள். மீட்டரைத் திருப்பியவர் பெரும்பாலும் எல்லா மாட்யூலிலும் திருப்பியிருக்க மாட்டார், ஓடிய கிலோமீட்டர் வேறு இடங்களிலும் பதிவாகியிருக்கும். ஸ்கேன் வேண்டாம் என்று ஓனர் சொன்னால் அதுவே ரிப்போர்ட். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23வது வாரம். பல பி.எம்.டபிள்யூக்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன் ஃபிளாட் டயர்தான், நம்ம பள்ளங்களில் அது பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும்.

பாகங்களுக்கு ஷோரூம் மட்டும்தான் வழி என்றில்லை. கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் லெம்ஃபோர்டர், போஷ், மாலே போன்றவர்களின் பாகம் கார் கம்பெனி முத்திரை இல்லாமல் குறைந்த விலைக்கு வரும், ஜி.பி. ரோட்டில் விசாரியுங்கள். கண்ணாடி, பம்பர், ஹெட்லைட்டுக்குப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை நல்ல இடம். மாட்யூல் மட்டும் அங்கே வாங்காதீர்கள், பல மாட்யூல்கள் அந்தந்த வண்டிக்கே பூட்டப்பட்டவை.

டெல்லி வண்டி மலிவு என்று சிலர் பிடித்து வருவார்கள். பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடைதான் அந்த மலிவுக்குப் பெரிய காரணமாக இருந்தது. என்.ஓ.சி. (அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணை இல்லாச் சான்று), இங்கே கட்டும் சாலை வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். வண்டி உங்கள் பெயருக்கு மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்றக் கேட்டுவிடுங்கள், இன்ஜின் பாதுகாப்பு கிடைத்தால் கூடவே போடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் இறுகிவிட்டால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, ஊரே கிண்டலடித்ததே, அந்த வரிசையில் என்னுடையதும் நின்றது.