பீரோ நிறையப் பட்டு: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பட்டுப் புடவை வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. என் பீரோக் கதவு இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் சாத்தும். ஆகவே இது வாங்கியே தீருவேன் என்று இருப்பவர்களுக்கு மட்டும்.

வீட்டில் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் பெரிய தவறு. விற்பனையாளர் விரித்துப் போட்டதும் "இந்த மாதிரி என்கிட்ட இல்லவே இல்லை" என்று தோன்றிவிடும். போன தீபாவளிக்கு அப்படித்தான் மயில் கழுத்து பார்டர் போட்ட அரக்குப் புடவை ஒன்று எடுத்தேன். பீரோவில் வைக்கப் போனால் அதன் அக்கா அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அடியில் ஒரு தங்கையும். "இது கோபுர பார்டர், அது ருத்ராட்சம், இன்னொன்று தாழம்பூ ரேக்கு" என்று என் கணவருக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். "மூணும் அரக்குதானே?" என்றார். இப்போது எல்லாப் புடவையையும் பார்டர் தெரியும்படி போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். கடையில் கை பரபரத்தால் அதைப் பார்க்க வேண்டும். சில நாள் பார்க்கிறேன். சில நாள் சார்ஜ் இல்லை என்று நானே முடிவு செய்துகொள்கிறேன்.

விலையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆடித் தள்ளுபடியில் பாதி விலை என்று ஒருமுறை அளந்துவிட்டேன். மறுநாளே நாத்தனார் பணத்தோடு வந்து நின்றாள்: "அண்ணி, அதே விலைக்கு எனக்கும் ரெண்டு." மீதிப் பாதியை யார் போட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்னுவதெல்லாம் ஜரிகை என்று நம்புவதும் தவறு. அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழையை லேசாகச் சுரண்டினால் சிவப்பு தெரிய வேண்டும். சில்க் மார்க் முத்திரை பட்டுக்குத்தான் உறுதி சொல்லும், ஜரிகைக்கு அல்ல. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்றாலும், அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி என்னத்தையாவது விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம், பொத்திப் பொத்தி வைப்பது. கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் உறையோடு அடுக்கி, மேலே நாலு பாச்சை உருண்டையும் உருட்டிவிட்டால் பத்திரம் என்று நினைக்கிறோம். ஜரிகையில் இருப்பது வெள்ளி, கறுத்துப்போகும். கட்டிக்கொண்ட பிறகு அதன் மேலேயே சென்ட் அடித்தாலும் இதே கதிதான். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு மடிப்பிலேயே இற்றுவிடும். என் அம்மாவின் கூரைப் புடவை அப்படித்தான், இருபது வருடம் கழித்துப் பிரித்தபோது அப்பளமாகப் பொடிந்தது. துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுங்கள். ஜரிகை கனமாக இருந்தால் ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள்.

ஜாக்கெட் விஷயம் இன்னும் கொடுமை. நாளைக்கு முகூர்த்தம் என்றால் இன்றைக்குத்தான் ஜாக்கெட் துணி வெட்டப்படாமல் முந்தானையோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். தைத்து வைத்ததோ கையில் ஏறாது. உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். என்னிடம் எத்தனை புடவை என்று யாராவது கேட்டால், சேரும் ஜாக்கெட்டை எண்ணித்தான் பதில் சொல்வேன். நான்கு.

கடைசியாக, "இதெல்லாம் ஒரு முதலீடுதானே" என்று பேசுவது. பழைய பட்டு எடுப்பவர்கள் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்குத்தான் காசு தருவார்கள். அப்படி ஒருவர் வந்தபோது என் பொக்கிஷங்களில் மூன்றை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாக இழையைச் சுரண்டிப் பார்த்தார். வந்த மடிப்பு கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நீங்களே கட்டிக்குங்கம்மா."