ஆடையில்லாத காமெடிக் காட்சி: எங்கெல்லாம் சொதப்புகிறது?

ஒருவன் துணியில்லாமல் ஓடிவந்தாலே தியேட்டர் சிரித்துவிடும் என்று நம்பி எழுதுவதுதான் முதல் தவறு. சிரிப்பார்கள்தான், ஆனால் அது அதிர்ச்சியில் வருகிற சிரிப்பு. வந்த வேகத்தில் அடங்கிவிடும். அதற்கப்புறமும் காட்சி நிற்க வேண்டுமென்றால் மூன்று விஷயம் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: அவன் ஏன் இப்படி நிற்கிறான், யார் கண்ணில் படக்கூடாது, ஒளிய இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. 1979-ல் வந்த ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படத்தில், வெளியே யாருமில்லை என்ற நினைப்பில் நாயகன் துணியில்லாமல் ஜன்னலை விரியத் திறப்பான். கீழே பெருங்கூட்டம் அவனுக்காகக் காத்து நிற்கும். உடம்பை அந்தப் படம் மறைக்கவில்லை. ஆனாலும் நாம் சிரிப்பது அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

இதே இடத்தில்தான் இன்னொரு மோசமான தவறும் நடக்கிறது. நிலைமையைச் சிரிப்பாக்கத் தெரியாமல் தொப்பை, நிறம், வயது என்று நடிகரின் உடம்பையே கேலிப் பொருளாக்குவது. அப்படி எழுதப்பட்ட வசனத்தை எடுத்துவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். சிரிப்பு மிஞ்சவில்லை என்றால் அங்கே காமெடியே இல்லை.

அடுத்தது மறைப்புக் காமெடி. நடிகர் பின்னால் நடப்பார், முன்னால் இருக்கும் பூஜாடியோ தட்டோ சரியான நேரத்தில் சரியான இடத்தை மறைக்கும். 1997-ல் வந்த முதல் ‘ஆஸ்டின் பவர்ஸ்’ படத்தில் இதை நீளமாகச் செய்திருப்பார்கள். பார்க்கச் சுலபம், எடுப்பது முழுக்கக் கணக்கு. கேமராவிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் 10 செ.மீ. அகலமுள்ள பொருளை வைத்தால், 3 மீட்டரில் நிற்கும் நடிகர் மீது அது 50 செ.மீ. அகலத்தை மறைக்கும். தாராளமாகத்தான் தெரியும். ஆனால் கேமரா 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், நடிகர் நிற்கும் இடத்தில் அந்த மறைப்பு 20 செ.மீ. எதிர்ப்பக்கம் தள்ளிப்போய்விடும். இந்த ஷாட்டைக் கையில் பிடித்து எடுக்கவே கூடாது என்பது இதனால்தான். ட்ரைபாடுக்கு மணல்மூட்டை போட்டு, நடிகரின் ஒவ்வொரு நிலைக்கும் தரையில் டேப் ஒட்டி, முழு உடையோடு ஒத்திகை பார்த்து முடித்த பிறகே உடையைக் களையச் சொல்ல வேண்டும்.

லைட்டைக் குறைத்து மதிப்பிடுவதும் வழக்கம். முன்னால் இருக்கும் பொருள் ஃபோகஸில் இல்லாமல் மங்கலாக இருந்தால் அதன் விளிம்பு கரைந்து, எது எதை மறைக்கிறது என்பதே புரியாது. ஃபுல்ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 16 (லென்ஸின் துளை அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), ஃபோகஸ் 1.2 மீட்டரில் என்று வைத்தால் சுமார் 60 செ.மீ. முதல் பின்னணிவரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஆனால் எஃப் 2.8-லிருந்து எஃப் 16-க்குப் போவது ஐந்து ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். அதாவது 32 மடங்கு வெளிச்சம் வேண்டும். செட்டுக்கு வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், லைட் மாற்றும் நேரமெல்லாம் நடிகர் காத்துக் கிடப்பார்.

ஃபிரேமுக்கு வெளியே இருப்பதை மறந்துவிடாதீர்கள். மானிட்டரில் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தாலும், கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் அதைவிட அதிகமாகப் பதிவு செய்துகொண்டிருக்கலாம். பிறகு யாரோ ரீல்ஸுக்காகச் செங்குத்தாக மறுஃபிரேம் செய்யும்போது, மறைந்திருந்தது வெளியே வரும். கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், அணைத்து வைத்த டிவி, இவை எல்லாமே பிரதிபலிக்கும்.

தோல் நிற உள்ளாடையை ஒரே அளவில், ஒரே நிறத்தில் வாங்கி வந்து “எல்லாருக்கும் பொருந்தும்” என்பார்கள். பொருந்தாது. நடிகரின் தோலோடு செட் லைட்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒட்டும் டேப்பை முந்தின நாளே முன்கையில் ஒட்டி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். வியர்வையில் டேப் கழன்றுவிடும், அதனால் கையிருப்பு தேவை. ‘கட்’ சொன்ன கணத்தில் அங்கியோடு போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்று வேறு வேலை கொடுக்காதீர்கள்.

“காமெடிதானே, இதுக்கெல்லாம் எழுத்துல வேணுமா?” என்ற பேச்சுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நெருக்கமான காட்சிக்குக் காட்டும் கவனத்தில் பாதிகூட இதற்கு யாரும் காட்டுவதில்லை. வெட்கப்படுகிறவர் “விளையாட்டு தெரியாதவர்” ஆகிவிடுகிறார். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, எது தெரியும் எது தெரியாது என்பதை விவரிக்கும் எழுத்து ஒப்புதலை வற்புறுத்துகிறது. இங்கே யாரும் வற்புறுத்தாவிட்டாலும் நீங்களே எழுதுங்கள்: எந்த ஷாட், எந்தக் கோணம், செட்டில் யார் இருப்பார்கள், மானிட்டரை யார் பார்ப்பார்கள், போஸ்டரிலும் டிரெய்லரிலும் வருமா, பயன்படுத்தாத காட்சிகளை எப்போது அழிப்பீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் மனம் மாறலாம். ஆடை அணிந்து எடுக்கும் மாற்று ஷாட் ஒன்று கையில் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவரை இந்தக் காட்சியில் எந்த வடிவத்திலும் வைக்காதீர்கள்.

சக நடிகரிடம் சொல்லாமல் வைத்து, “இயல்பான ரியாக்‌ஷன்” வாங்கப் பார்ப்பதும் தவறுதான். அவருடைய ஒப்புதலும் தேவை. ரியாக்‌ஷனைத் தனியாக எடுங்கள். பார்க்க வேண்டிய உயரத்தில் ஸ்டாண்டில் ஒரு டேப் துண்டு ஒட்டினால் போதும், எதிரே யாரும் துணியில்லாமல் நிற்கத் தேவையில்லை. நல்ல நடிகரின் முகம் பூஜாடியைவிட நன்றாகவே வேலை செய்யும்.

எடிட்டில் மொசைக் (கட்டம் கட்டமாகக் கலங்கடிக்கும் மறைப்பு) போட்டுக்கொள்ளலாம் என்று விடுவது சோம்பேறித்தனம். மொசைக் அங்கே என்ன இருக்கிறது என்ற கற்பனையைக் கூட்டும். ‘போரட்’ படத்தில் கறுப்புப் பட்டையை வேண்டுமென்றே அபத்தமான நீளத்துக்கு இழுத்து அதையே ஜோக்காக்கினார்கள். அந்த மாதிரி யோசனை இல்லையென்றால், காட்சியை மறைக்கத் தேவையில்லாதபடி எடுங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். விநாடிக்கு 24 வீதம் 10 விநாடி ஷாட்டில் 240 ஃபிரேம், அதில் ஒன்று நழுவினாலும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஆள் இருக்கிறது.

எந்தத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பதை ஸ்கிரிப்டிலேயே தீர்மானியுங்கள். திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏ என்பது வயதுவாரியாக 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. அதனால் அந்தக் காட்சியை அதே நாளில், அதே லைட்டில், தோளுக்கு மேலே ஃபிரேம் வைத்து இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். டிவி பதிப்புக்காகப் பிறகு வெட்டும்போது, சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ஓட்டை விழாமல் இருக்க அந்த டேக் மட்டும்தான் உதவும்.