இறப்பு வீதங்களை ஒப்பிடும்போது விடக்கூடாத பிழைகள்

ஒரு அட்டவணையைக் காட்டி, கொழும்பு மாவட்டத்தில் இறப்பு வீதம் அதிகம் என்று யாராவது சொன்னால், முதலில் ஒன்று கேளுங்கள்: இது இறந்த இடத்தை வைத்து எடுத்த கணக்கா, வசித்த இடத்தை வைத்து எடுத்ததா?

நம் இலங்கையில் இறப்பு, அது நிகழ்ந்த இடத்துப் பதிவாளரிடமே பதிவாகிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும் அதே மாவட்டத்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் வவுனியா, பதுளை என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். பதுளைக்காரர் ஒருவர் இங்கே இறந்தால், இறப்பு கொழும்பில் கூடும். அவரோ சனத்தொகைக் கணக்கில் பதுளையில் இருப்பார். கொழும்பின் வீதம் ஏறும், பதுளையின் வீதம் இறங்கும். இரண்டுமே பொய். சிசு மரணத்தில், அதாவது ஒரு வயதுக்குள் நிகழும் இறப்பில், இது இன்னும் மோசம். நோய் முற்றிய குழந்தைகளை கொழும்பிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத்தானே அனுப்புகிறார்கள்.

அடுத்தது கீழெண், அதாவது வீதம் காண இறப்புகளை எந்தச் சனத்தொகையால் வகுக்கிறோமோ அந்த எண். இறப்பை எண்ணுவதில் காட்டும் கவனத்தைப் பலர் உயிரோடு இருப்பவர்களை எண்ணுவதில் காட்டுவதில்லை. 2001 தொகைமதிப்பு (சனத்தொகைக் கணக்கெடுப்பு) 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வடக்கு கிழக்கின் அக்கால வீதங்கள் பெரும்பாலும் மதிப்பிட்ட சனத்தொகையை நம்பியவை. இடம்பெயர்ந்தவர்களை எங்கே சேர்ப்பது என்ற சிக்கல் வேறு. 2022 நடு ஆண்டுச் சனத்தொகை மதிப்பீடு 2 கோடி 21 இலட்சத்தைத் தாண்டியது. 2024 தொகைமதிப்பில் கிடைத்ததோ சுமார் 2 கோடி 17 இலட்சம். மதிப்பிட்ட சனத்தொகை உண்மையை விடப் பெரிதாக இருந்தால், இறப்பு வீதம் சும்மாவே குறைந்து தெரியும்.

ஆய்வுகளுக்கு வருவோம். 2016 குடிசன, சுகாதார ஆய்வு சிசு மரணத்தை ஆயிரம் பிறப்புகளுக்கு 10 என்றது. அது முந்தைய 5 ஆண்டுகளுக்கான கணக்கு. அதை 2016 என்ற ஒரே ஆண்டில் பதிவான இறப்புகளின் கணக்கோடு வைத்து, எது சரி என்று சண்டை பிடிப்பது வீண். எல்லோரையும் அல்ல, சிலரை மட்டும் கேட்ட மாதிரி ஆய்வு என்பதால், உண்மை எண் சற்று முன்பின்னாக இருக்கக்கூடிய இடைவெளியும் உண்டு. அதைப் பார்க்காமல் ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். 2006-07 ஆய்வில் வட மாகாணம் இல்லை, ஆகவே இரு ஆய்வுகளையும் அப்படியே ஒட்டிப் போக்கு காட்டவும் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது இது: ஐ.நா. மதிப்பீடும் நம் பதிவுகளும் ஒத்துப்போகின்றன, எனவே பதிவு துல்லியம் என்ற வாதம். அந்த மதிப்பீடுகளுக்குள் போகும் தரவுகளில் நம் பதிவுகளும் உண்டு. தன் எண்ணே தனக்குச் சாட்சி சொல்ல முடியாது. சரிபார்க்க வேண்டுமென்றால், வைத்தியசாலை ஏடுகளில் உள்ள இறப்புகளைப் பதிவு ஏடுகளோடு பெயர் பெயராகப் பொருத்தி, விடுபட்டவற்றை எண்ண வேண்டும்.