மதுரையில் இரண்டு நாள், இருவருக்கு 4,500 ரூபாய்: முதல்முறை போகிறவர்களுக்கு

குறைந்த செலவில் ஊர் சுற்றுவது என்றதும் பலர் நுழைவுக் கட்டணத்தைத்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். மதுரையில் அது ஒரு செலவே இல்லை. பணம் கரைவது மதியத்தில். மீனாட்சி அம்மன் கோயில் நடை பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மறுபடி திறப்பது நான்கு மணிக்கு. அந்த மூன்றரை மணி நேரம் வெயிலில் என்ன செய்வதென்று தெரியாமல்தான் ஆட்டோ பிடிக்கிறோம், ஏசி ஓட்டலில் போய் உட்காருகிறோம், தேவையில்லாத சுங்குடிச் சேலை வாங்குகிறோம். (சரி, சேலையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

அதனால் இந்தத் திட்டம் முழுக்க மதியத்தைச் சுற்றியே போகும். சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு இரவு ரயிலேறித் திரும்பும் இருவருக்கானது.

படி 1: நாள் பார்ப்பது

சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரை மதுரையாகவே இருக்கும். ஆனால் லாட்ஜ் வாடகை வேறு ஊர் வாடகையாகிவிடும். சித்திரையைத் தனியாக, உறவினர் வீடு ஏதாவது இருந்தால் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும். பலர் மறப்பது முகூர்த்த நாள். பெரிய முகூர்த்தம் விழுகிற ஞாயிற்றுக்கிழமையில் ஊரில் பாதி அறைகள் கல்யாணக்காரர்கள் கையில் இருக்கும். காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வெள்ளிக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸ் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். தத்காலை நம்பினால் மேல்காசு கொடுத்தும் படபடப்புதான் மிஞ்சும்.

படி 2: பணத்தை முதலிலேயே பிரித்து வைப்பது

- ரயில், ஸ்லீப்பரில் போகவர, இருவருக்கும்: 1,400
- அறை, ஒரு நாள்: 1,000
- சாப்பாடு: 1,200
- பஸ், ஆட்டோ: 250
- நுழைவுச் சீட்டு, பொருள் காப்பகம், செருப்பு வைக்கும் இடம்: 100
- கையிருப்பு: 550

அறைக்கு ஏசி கேட்டால் இந்த 1,000 போதாது, கையிருப்பில் கைவைக்க வேண்டியிருக்கும். மே மாதம் போவதாக இருந்தால் கைவைத்துவிடுங்கள், பாவமில்லை.

உள்ளூரில் செலவாகிற பணத்தில் ஒரு பகுதியை நோட்டாகவும் சில்லறையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் போனிலேயே கட்டிப் பழகியவர்கள் கோயிலுக்குள் திண்டாடுவார்கள். காரணம் படி 5-இல் வரும்.

படி 3: அறை எடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் சூடுபட்டது இங்கேதான்.

முதல் தடவை போனபோது, 300 ரூபாய் குறைவு என்று, கோயிலிலிருந்து தள்ளியிருக்கும் மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் அறையை போனிலேயே பதிவு செய்தேன். படத்தில் அழகாக இருந்தது, நேரிலும் மோசமில்லை. ஆனால் கோயிலுக்குப் போக ஆட்டோ, மதியம் திரும்ப ஆட்டோ, சாயங்காலம் மறுபடி, ராத்திரி மறுபடி. ஒரு தடவைக்கு 180 ரூபாய். 300 மிச்சம் பிடிக்கப் போய் 720 கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் எதையாவது தள்ளுபடியில் வாங்கினால், "மாட்டுத்தாவணித் தள்ளுபடியா?" என்றுதான் கேட்பார்.

எனவே அறையை ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே எடுங்கள். டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, அவற்றை ஒட்டிய தெருக்கள் முழுக்க லாட்ஜ்கள்தான். ஸ்டேஷனிலிருந்து கோயில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நடுவில் எங்கே தங்கினாலும் இரண்டு பக்கமும் நடந்தே போய்விடலாம்.

பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" இரண்டும் புழக்கத்தில் உண்டு. 24 மணி நேரக் கணக்கில் விடியற்காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் ஆறுக்குக் காலி செய்ய வேண்டும். 12 மணிக் கணக்கில் ஆறுக்கு நுழைந்தால், அன்று பகலுக்குள் ஒரு நாள் வாடகை முடிந்துபோகும். எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமை பகல் 12 மணிக்கு நுழைவதுதான் லாபம். ஒரே நாள் வாடகையில் ஒரு மதியத் தூக்கம், ஓர் இரவு, மறுநாள் காலைக் குளியல் மூன்றும் கிடைக்கும்.

அறையைப் பார்க்காமல் சாவி வாங்காதீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

படி 4: சனி காலை, பையில்லாமல்

ரயில் விடியும் நேரத்தில் மதுரை சேரும். ஸ்டேஷன் காத்திருப்பு அறையிலேயே பல் தேய்த்து, முகம் கழுவி, உடை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு பொருள் காப்பகத்தில் பையைப் போடுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், ரயில் டிக்கெட்டும் காட்ட வேண்டும். சென்னையிலேயே சின்னப் பூட்டு ஒன்று வாங்கிவிடுங்கள், ஸ்டேஷன் வாசலில் அதே பூட்டு இரண்டு மடங்கு விலை.

இட்லி சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. இந்த வரிசை மனதில் இருந்தால் வழி தவறவே முடியாது. எங்கே நின்றாலும் கோபுரம் தெரிகிற பக்கம் நடந்தால் வீதியின் மாதப் பெயர் மாறிக்கொண்டே வரும்.

காலை எட்டுக்குள் கீழமாசி வீதிக்குப் போனால் பலசரக்கு மொத்தக் கடைகளில் மூட்டை இறங்குவதைப் பார்க்கலாம். வற்றல் மிளகாய் நெடியில் தும்மல் வரும், பரவாயில்லை. அப்புறம் மேலமாசி வீதிக்கு வாருங்கள். அங்கே 251ஏ எண்ணுள்ள வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22-இல், காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். ஜவுளிக்குப் பேர்போன ஊரில் இது நடந்தது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அதைப் பார்த்த சூட்டோடு, பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் ஏறி காந்தி அருங்காட்சியகம் போய்விடலாம். காலை பத்துக்குத் திறக்கும், கட்டணம் கிடையாது. ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த தமுக்கம் கட்டடம் அது. சுட்டுக் கொல்லப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மேலமாசி வீதி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த அறையில் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், வெளியூர்க்காரர்களுக்கும்தான். இந்தப் பயணம் முழுக்க எங்களில் டிக்கெட் எடுத்தது வீட்டுக்காரர் மட்டும். சொகுசுப் பேருந்தில் ஏறிவிட்டு இலவசம் கேட்டு நிற்காதீர்கள். ஏறுமுன் பலகையைப் பாருங்கள்.

பன்னிரண்டுக்கு பையை எடுத்துக்கொண்டு அறைக்கு. மதியச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிடுங்கள். இலைச்சாப்பாட்டில் சோறும் குழம்பும் கேட்கக் கேட்க வரும், கொடுக்கிற காசுக்கு அதைவிடக் கட்டுப்படியாகும் வேளை கிடையாது. பிறகு தூங்குங்கள். ஊர் பார்க்க வந்துவிட்டுத் தூங்குவதா என்று குற்ற உணர்ச்சி வரும். வரட்டும், தூங்குங்கள். மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். ராத்திரி அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமல்லவா!

படி 5: சனி மாலை, கோயில்

போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் தீ விபத்து நடந்ததற்குப் பிறகு உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்து டோக்கன் வாங்கலாம், ஆனால் திரும்ப வாங்கும்போது வரிசை. அறை பக்கத்தில் இருப்பதன் இன்னொரு லாபம் இது. போன் இல்லாததால் பிரசாதக் கடையில், ஆயிரங்கால் மண்டபச் சீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான். படி 2-இல் சில்லறை கேட்டது இதற்காகத்தான். அரைக்கால் சட்டை போட்டவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்து மணிக்கு உள்ளே போங்கள். ஆயிரங்கால் மண்டபத்தைச் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், அதனால் அது முதலில். தூண்கள் உண்மையில் 985. எண்ணிப் பார்க்க வேண்டாம், நடு வழியில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தூண் வரிசை எந்தக் கோணத்திலும் நேர்கோட்டில் விழும்.

தரிசனத்துக்குப் பொது வரிசை இலவசம். 50, 100 ரூபாய்ச் சீட்டும் உண்டு. சனி மாலைக் கூட்டத்தில் வரிசை வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால் கை பைக்குள் போகும். நமக்கு ராத்திரி வரை வேறு வேலை இல்லை என்பதால் நாங்கள் பொது வரிசையிலேயே நின்றோம். வயதானவர்கள் கூட இருந்தால் சீட்டு வாங்குங்கள், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காருங்கள். தெற்குக் கோபுரம் இங்கிருந்து நன்றாகத் தெரியும். நான்கு வெளிக் கோபுரங்களில் அதுதான் உயரம், 170 அடி. வெயில் இறங்க இறங்க மேலே நிறம் மாறும், கீழே பிள்ளைகள் ஓடும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்பார்கள். கையில் போன் இல்லாமல் இரண்டு மணி நேரம் சும்மா இருந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலோர் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். ஒன்பது மணிக்குப் பிறகு பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதுகைகளைச் சின்னப் பல்லக்கில் வைத்து, நாகஸ்வரமும் தவிலும் முன்னே போக, மீனாட்சி சன்னதிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் கூட்டம் வடிந்திருக்கும். சாம்பிராணிப் புகைக்குள் பல்லக்கு மெதுவாக அசைந்து வரும், கல்தரையில் வெறுங்கால்கள் தேய்கிற சத்தம்கூடக் கேட்கும். பல்லக்கு நம்மைத் தாண்டியதும் எல்லோரும் பின்னாலேயே நடப்பார்கள், நாமும் நடப்போம். செலவு ஒன்றுமில்லை. இரண்டு நாளில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

படி 6: ராத்திரிச் சாப்பாடு

பத்து மணிக்கு வெளியே வந்தாலும் கவலை இல்லை. கல்லில் புரோட்டா கொத்துகிற சத்தம் கேட்கிற பக்கம் நடந்தால் போதும். அசைவம் சாப்பிடுவோர் கறிதோசையை விட வேண்டாம், ஆனால் விலை கேட்டுவிட்டு இருவருக்கும் சேர்த்து ஒன்று சொல்லுங்கள். முட்டை, கொத்துக்கறி எல்லாம் சேர்ந்து ஊத்தப்பம் கனத்தில் வரும், ஒருவரால் முடிக்க முடியாது. ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம். சின்ன கிளாஸே போதும், பாலும் ஐஸ்கிரீமும் பிசினும் சேர்ந்து அதுவே அரைச் சாப்பாடு.

படி 7: ஞாயிறு

ஆறரை மணிக்கு டவுன் பஸ்ஸில் திருப்பரங்குன்றம். எட்டு கிலோமீட்டர். முருகனின் அறுபடை வீடுகளில் முதலாவது, கருவறை மலையைக் குடைந்தே செய்தது. பத்துக்குள் திரும்பிக் குளித்து, பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்து, பையை மறுபடி ஸ்டேஷனில் போடுங்கள்.

இன்றைய மதியத்துக்கு அறை கிடையாது, அதனால் நிழலுள்ள இடம் வேண்டும். சாப்பிட்டுவிட்டு திருமலை நாயக்கர் மகால் போங்கள். 1636-இல் கட்டியது, இப்போது நிற்பது அன்றைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அந்த ஒரு பங்கே தலையை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. தூணைக் கட்டிப்பிடிக்க இரண்டு பேர் கைகள் போதாது. கூடத்தில் எப்போதும் காற்று வரும். சீட்டு விலை ஒரு காபிக் காசுக்குள் முடியும்.

வெயில் தணிந்ததும் தெப்பக்குளம். மகாலிலிருந்து ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ கிடைக்கும். வண்டியூர் மாரியம்மன் கோயில் எதிரே, நடுவில் மைய மண்டபத்தோடு, 16 ஏக்கர் குளம். மதுரைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு வந்து கட்டைச்சுவரில் உட்காரும் இடம். சுண்டல், மாங்காய், பருத்திப்பால் எல்லாம் சுற்றிலும் இருக்கும். ஒரு முழம் மல்லிகையும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மொட்டாகப் பார்த்து வாங்கினால் ரயிலில் ராத்திரி முழுக்க மணக்கும்.

திரும்பும் ரயில் ஒன்பதரை வாக்கில். ராத்திரிக்கு இட்லியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு எட்டரைக்கே ஸ்டேஷன் போய்விடுங்கள். ஞாயிறு இரவு பொருள் காப்பகத்திலும் வரிசை இருக்கும், பூட்டுச் சாவியை வேறு தேட வேண்டும். போன முறை அது வீட்டுக்காரரின் சட்டைப்பையில், 310 ரூபாய் மிச்சத்தோடு கிடந்தது.