மீடியனில் மோதிய பிறகு முன்சக்கரம் ஆடினால்

மார்கழிப் பனியில் விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே ஓடியது. ஸ்டீயரிங்கை ஒடித்ததில் என் ஆல்ட்டோ காரின் வலது முன்சக்கரம் மீடியன் கல்லில் மோதியது. பம்பரில் கீறல், ரிம்மில் ஒரு நெளிசல், அவ்வளவுதானே என்று அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். சக்கரத்தை அடியில் தாங்கிப் பிடிக்கும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மடிந்துவிடும். திண்டிவனம் வருவதற்குள் ஒவ்வொரு பள்ளத்திலும் 'டக்'கென்று சத்தம் கேட்டது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "பேரிங் போச்சு சார்" என்றார்கள். சக்கரம் வழுக்கிச் சுழல உதவும் உருளைதான் பேரிங். புதுசு மாற்றியும் ஆட்டம் போகவில்லை. அதன் பிறகுதான் நானே ஜாக்கியை எடுத்தேன்.

தூக்குவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, டயரின் பின்பக்கத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை விடுங்கள். எனக்கு இடது பக்கம் நாலு விரல் நுழைந்தது, வலது பக்கம் இரண்டுதான். லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை, பின்னால் தள்ளி வளைந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. டயரின் உள்பக்கச் சுவரில் புடைப்பு, பிரேக் ஹோஸில் கசிவு, மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறையில் கிழிசல் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வீல் நட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். சில சமயம் கோளாறு அதுவாகவே இருக்கும். ஆனால் நட்டு லூஸாகவே ஓடியிருந்தால் ரிம்மின் ஓட்டைகள் நீண்டிருக்கும். அந்த ரிம்மை மறுபடி போட வேண்டாம்.

சரி, இப்போது சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையை விடக்கூடாது.

டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. மேல் கையால் தள்ளும்போது கீழ்க் கையால் இழுங்கள். எனக்கு 'கொடக்' என்றது. பேரிங் தேய்ந்தாலும் இப்படித்தான் ஆடும், பால் ஜாயிண்ட் போனாலும் இப்படித்தான் ஆடும். ஒர்க்‌ஷாப்காரர் ஏமாந்தது இங்கேதான். பிரித்தறிய ஒரு ஆளும் பிரேக் பெடலும் போதும். என் மச்சானை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும் பிரேக்கின் காலிப்பர் டிஸ்க்கைக் கவ்விக்கொள்ளும், சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்பும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும். பேரிங்கில் ஆட்டம் என்றால் அப்போது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. "மாமா, விட்டுடவா? கால் வலிக்குது" என்றான். அவனை அப்படியே மிதிக்கச் சொல்லிவிட்டு, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினேன். லோயர் ஆர்மின் நுனியில், பால் ஜாயிண்ட் தண்டு ரப்பர் உறைக்குள் மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. நல்ல ஜாயிண்ட் அப்படி அசையவே கூடாது.

அடுத்து கைகளை மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் வைத்து இடவலமாக ஆட்டுங்கள். ஸ்டீயரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் ஆடினால் சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியின் வெளி நுனியான டை ராட் எண்டையோ, உள் நுனியான ராக் எண்டையோ சந்தேகப்படலாம். இன்னொருவரை ஆட்டச் சொல்லி, டை ராட் எண்டின் மேல் விரலை வையுங்கள். உள்ளே இடிப்பது விரலில் தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ராக்கின் ரப்பர் உறையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பேரிங்கின் ஆட்டம் எந்தத் திசையிலும் வரும். கையால் சுற்றும்போது கரகரவென்ற சத்தமும் சேர்ந்தால் அநேகமாக அதுதான்.

பால் ஜாயிண்ட் போய், ஆர்மும் வளைந்திருந்ததால் ஆர்மையே முழுதாக மாற்றினேன். வளைந்த ஆர்மைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சக்கரத்தை மாட்டும்போது வீல் நட்டுகளை வரிசையாக அல்ல, குறுக்கு வாட்டத்தில் இறுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிபார்ப்பது. இந்த மாதிரிச் சின்னக் கார்களில் பெரும்பாலும் டோவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணத்தை, மட்டும்தான் திருப்பி வைக்க முடியும். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் சாய்வு, ஒரு பக்கம் மட்டும் விலகி நின்றால் ஷாக் அப்சார்பர் இருக்கும் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கலாம். டை ராடைத் திருகி வண்டியை நேராக ஓட வைத்துவிட்டோம் என்று சொன்னால் சாவியை வாங்காதீர்கள், கேம்பர் அளவைக் காட்டச் சொல்லுங்கள்.