ஆளில்லாத இரவில் ஓடிய மீட்டர்

கிருஷ்ணகிரியில் நான் நிர்வாகப் பொறுப்பு வகிக்கும் அலுவலகத்தின் மின் கட்டணம், ஊழியர் எண்ணிக்கை கூடாமலேயே ஏறிக்கொண்டு போனது. இரு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் ரீடிங் மொத்த யூனிட்டைச் சொல்லுமே தவிர, அது எந்த நேரத்தில், எதனால் செலவானது என்பதைச் சொல்லாது. ஆகவே மாலையில் பூட்டும்போதும் காலையில் திறக்கும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்துவைக்கத் தொடங்கினோம். இரவிலும் கணிசமான மின்சாரம் போவது அதிலேயே தெரிந்துவிட்டது.

எதில் போகிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரில் சிமிட்டும் சிறு சிவப்பு விளக்கே போதுமானது. எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்புகள் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அதன்படி நிமிடத்துக்கு 16 முறை சிமிட்டினால், அந்நேரத்தில் 300 வாட் ஓடுகிறது என்று பொருள். (இந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், பார்த்துக் கணக்கிட வேண்டும்.) எல்லோரும் கிளம்பிய பின், சர்வரையும் கண்காணிப்புக் கேமராவையும் தவிர்த்து, எம்.சி.பி.க்களை (ஒவ்வொரு மின்சுற்றையும் தனியாகத் துண்டிக்கும் சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்கிச் சிமிட்டல்களை எண்ணினோம். தெர்மோஸ்டாட் (வெப்பநிலைக்கு ஏற்பத் தானாக இயக்கி நிறுத்தும் அமைப்பு) உள்ள கருவிகள் விட்டுவிட்டு இயங்குவதால், அவற்றுக்கு ஒரு நிமிடம் போதாது, கால் மணி நேரமாவது பொறுமையாகக் கவனிக்க வேண்டும். வெந்நீரும் குளிர்நீரும் தரும் குடிநீர் இயந்திரம்தான் இரவெல்லாம் யாரும் குடிக்காத தண்ணீரைக் காய்ச்சியும் குளிர்வித்தும் கொண்டிருந்தது.

அதற்கு ஒரு டைமர் சுவிட்ச் பொருத்தியதும் காலை ரீடிங் தெளிவாக இறங்கியது. ஏசிகளை 24 டிகிரியில் நிறுத்தினோம். பழுதாகும் மின்விசிறிகளுக்குப் பதிலாக, 75 வாட் பழைய வகையை விட்டு, சுமார் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட) விசிறிகளையே இப்போது வாங்குகிறோம்.